இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளமும் படுக்கையும்

சென்னையில் இரவு நேரத்துக்கு மட்டும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவை அமர்த்த நினைக்கும் பெற்றோர் முதலில் விசாரிப்பது சம்பளத்தைத்தான். படுக்கை பற்றிய பேச்சு, பெரும்பாலும் அவர் பையோடு வந்து ஹாலில் நிற்கும் முதல் நாள் இரவில்தான் எழுகிறது. அந்த நேரத்தில் பாய் ஒன்றைத் தேடி எடுத்து, எந்த மூலையில் இடம் இருக்கிறதோ அங்கே விரித்துக் கொடுத்துவிட்டு, ஏற்பாடு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பேசுவதிலிருந்துதான் பிற்காலத்து மனக்கசப்புகளில் பெரும்பாலானவை தொடங்குகின்றன. அவர் அன்றிரவு எவ்வளவு நேரம் உண்மையிலேயே தூங்க முடியும் என்பதுதான் சம்பளத்தைத் தீர்மானிக்க வேண்டும்; அதைத் தீர்மானிப்பது குழந்தையின் வயதும், அவருக்கு நாம் கொடுக்கும் படுக்கையும். ஆகவே முதலில் தூக்கத்தைக் கணக்கிட்டு, அதன் பிறகு பணத்தைப் பேசுவதே சரியான வரிசை.

இத்தகைய தேவை யாருக்கெல்லாம் வருகிறது என்பதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், வாரத்தில் சில நாள் நைட் டியூட்டி விழும் செவிலியர்கள், 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய்மார்கள், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவோ மாமியாரோ திரும்பிப் போன பிறகு தனித்து நிற்கும் தம்பதியர் என்று பலர் இருக்கிறார்கள். இவர்களுக்குள் தேவை மாறுபடும். கணக்கிடும் முறை மாறாது.

இரவு எந்த வகையைச் சேர்ந்தது

இரவுப் பணியை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது பேச்சைத் தெளிவாக்கும். முதலாவது, விழித்திருக்கும் இரவு. பிறந்து இரண்டு மூன்று மாதங்கள் வரையிலான குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அதாவது, இரவிலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழும். பால் கொடுத்து, ஏப்பம் எடுக்க வைத்து, டயப்பர் மாற்றி, மீண்டும் தூங்க வைக்க முக்கால் மணி நேரம் ஆகிவிட்டால், இடைவெளியில் அவருக்குக் கிடைப்பது துண்டு துண்டான தூக்கம் மட்டுமே. இரட்டைக் குழந்தைகளாக இருந்தால் அதுவும் கிடையாது. இந்த இரவில் "தூங்கிக்கொள்ளலாம்" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பதில் நியாயமே இல்லை.

இரண்டாவது, எழுந்து எழுந்து தூங்கும் இரவு. ஆறு மாதம் தாண்டிய குழந்தையும், ஒன்றிரண்டு வயதுக் குழந்தையும் பெரும்பாலும் இந்த வகை. ஓரிரு முறை எழுவார்கள். பல் முளைக்கும் நாட்களிலும் சளி பிடித்த நாட்களிலும் அதைவிட அதிகம். மூன்றாவது, காவலாக மட்டும் இருக்கும் இரவு. ஐந்து வயதைக் கடந்து, தானாகக் கழிப்பறைக்குப் போய்வரும் பிள்ளைகள் உள்ள வீட்டில், ஆயாவின் முதன்மையான வேலை பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்பதே. அங்கும் அவர் தன் வீட்டில் இல்லை, தன் பிள்ளைகளோடு இல்லை, நினைத்தால் எழுந்து போய்விட முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது.

பேச்சைத் தொடங்கும்போது பெற்றோர் ஒரு விஷயத்தில் நேர்மையாக இருக்க வேண்டும். "எங்க பாப்பா ராத்திரியில எழுந்துக்கவே மாட்டா" என்று சொல்லி அமர்த்திவிட்டு, முதல் இரவிலேயே நான்கு முறை எழுந்தால், மறுநாள் அந்த அக்கா வருவாரா என்பதே சந்தேகம். கடந்த ஒரு வாரத்தில் குழந்தை எத்தனை மணிக்கு எழுந்தது, எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்பதைக் குறித்து வைத்து, அதை அப்படியே சொல்லிவிடுவது நல்லது.

சம்பளத்தைக் கணக்கிடுவது

நம்மிடம் பரவலாக உள்ள வழக்கம், ஒரு மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுவது. அத்தொகை எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, வாரத்துக்கு எத்தனை இரவு, எத்தனை குழந்தைகளுக்கு என்று யாரும் பிரித்துப் பேசுவதில்லை. தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்ச ஊதியத்தை 2018-இல் அறிவித்தபோது, அது மணிக்கு 40 ரூபாயைக்கூட எட்டவில்லை. அதைத் தரை என்று கொள்ளலாமே தவிர, கைக்குழந்தையை நம்பி ஒப்படைப்பவருக்குக் கொடுக்கும் ஊதியத்துக்கு அளவுகோலாகக் கொள்ள முடியாது. உங்கள் பகுதியில் பகல் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு என்ன தருகிறார்கள் என்று இரண்டு மூன்று வீடுகளில் விசாரித்து, அதை மணிக்கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பகல் விலைதான் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை.

தூங்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கூட்டாட்சி ஊதிய விதிகளின்படி, 24 மணி நேரத்துக்குக் குறைவான பணியில் ஊழியர் இடையில் தூங்க அனுமதிக்கப்பட்டாலும் அந்த நேரம் முழுவதும் வேலை நேரமே. 24 மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் பணியில், முறையான படுக்கை வசதி தந்து, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், அதிகபட்சம் 8 மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அவருக்கு 5 மணி நேரத் தூக்கமாவது கிடைக்காமல் போனால், கழித்ததை எல்லாம் திரும்பச் சேர்த்துவிட வேண்டும். எப்போதாவது ஒரு நாள் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு அங்கேயும் விலக்கு உண்டு என்பது வேறு கதை. பிரிட்டனில் இதற்கு நேர்மாறான நிலை. பராமரிப்புப் பணியாளர்கள் தங்கித் தூங்கும் இரவுகளைப் பற்றிய வழக்கில், விழித்து வேலை செய்த நேரத்தை மட்டுமே குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கணக்கிட வேண்டும் என்று 2021-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுப் பணியாளர்களுக்கான, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆவது உடன்படிக்கை 2011-இல் ஏற்கப்பட்டது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. வீட்டுப் பணியாளர் தன் நேரத்தைத் தன் விருப்பப்படி செலவிட முடியாமல், அழைத்தால் வருவதற்காகக் காத்திருக்கும் நேரத்தை, அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு வேலை நேரமாகவே கொள்ள வேண்டும் என்று அது கூறுகிறது.

இவற்றுள் அமெரிக்க விதியிலுள்ள அந்த 5 மணி நேரக் கோடு நம் வீடுகளுக்கு மிகவும் பயன்படும் என்பது என் கருத்து. அதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எளிதாக இருக்கட்டும் என்பதற்காகப் பகல் விலையை மணிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்; இது சந்தை நிலவரம் அன்று, கணக்குக்கான எண் மட்டுமே. அக்கா இரவு 8 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போகிறார். குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டி, விளையாட்டுக் காட்டித் தூங்க வைக்க 10.30 ஆகிறது, காலையில் 5 மணிக்கு எழுந்து பால் புட்டிகளைக் கழுவிக் கொதிநீரில் போட்டு வைக்கிறார். ஆக, விழித்திருந்த மூன்றரை மணி நேரத்துக்கு முழு விலையில் 350 ரூபாய். நடுவிலுள்ள ஆறரை மணி நேரம் படுத்திருந்தாலும் காதைத் திறந்து வைத்திருக்கும் நேரம். அதற்குப் பாதி விலையில் 325 ரூபாய். மொத்தம் 675. அன்றிரவு குழந்தை இரண்டு முறை எழுந்து ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம் விழித்திருந்தால், அதை ஒவ்வொரு மணி நேரமாகவே எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு மணி நேரத்தைப் பாதி விலையிலிருந்து முழு விலைக்கு உயர்த்த வேண்டும். அப்போது 775 ஆகிறது. எழுந்தது மூன்று நான்கு முறையாகி, அவருக்கு மொத்தம் 5 மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்கவில்லை என்றால், பத்து மணி நேரத்துக்கும் முழு விலை, அதாவது 1,000 ரூபாய். பச்சிளங்குழந்தை உள்ள வீட்டில் தொடக்கத்திலிருந்தே முழு விலையும், அதற்கு மேல் கால் பங்கு இரவுப் படியும் சேர்த்து 1,250 என்று பேசிவிடுவது மேல். அங்கே ஒவ்வொரு நாளும் நிமிடக் கணக்குப் பார்ப்பது இரு தரப்புக்கும் தொல்லை.

எழுந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் குழந்தையின் படுக்கையருகே இருக்கட்டும். "10.40 தூங்கினான். 12.50 எழுந்தான், பால் 90 மில்லி, 1.35 தூங்கினான். 3.20 அழுகை, டயப்பர் மாற்றினேன், 4.00 தூங்கினான்" என்ற அளவில் எழுதினால் போதும். எழுதப் படிக்க வராதவராக இருந்தால், ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடச் சொல்லலாம். அனுப்பிய நேரம் தானாகவே பதிவாகிவிடும். இந்தக் குறிப்பு சம்பளத்துக்கு மட்டுமல்லாமல், காலையில் வரும் தாய்க்கும், தேவைப்பட்டால் குழந்தை மருத்துவருக்கும் உதவும். ஆனால் அதை வைத்து அக்காவைக் குறுக்கு விசாரணை செய்யத் தொடங்கினால், அடுத்த வாரமே குறிப்புகள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும்.

இவ்வளவு கணக்கு எதற்கு, நம்ம வீட்டு ஆள் மாதிரிதானே என்று சிலர் கேட்பார்கள். ஆக்டிங் டிரைவரை அழைத்துப் போகும்போது இரவு பத்து மணியைத் தாண்டினால் நைட் பேட்டாவை முணுமுணுக்காமல் எடுத்துக் கொடுக்கும் அதே குடும்பம், குழந்தைக்காக விழித்திருப்பவர் இரவுக்கு எனத் தனியாகக் கேட்டால் முகம் சுளிக்கிறது. காருக்குக் கொடுப்பதைக் குழந்தைக்குக் கொடுக்க யோசிப்பானேன்? "நம்ம வீட்டு ஆள்" என்ற பேச்சு, சம்பளம் தரும் நாளில் மட்டும் நினைவுக்கு வருமானால், அதை எடுக்காமலிருப்பதே மரியாதை.

இதைப் பெருந்தன்மையாகக் கருத வேண்டாம். குழந்தையின் பாதுகாப்பே இதில்தான் அடங்கியிருக்கிறது. இரவுச் சம்பளம் போதாதவர் பகலில் வேறு இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டுத்தான் உங்கள் வீட்டுக்கு வருவார். அப்படி வருபவர் நள்ளிரவில் குழந்தையை மடியில் வைத்தபடி சோபாவிலேயே கண்ணயர்ந்துவிட்டால், அதைவிட ஆபத்தான நிலை குழந்தைக்கு வேறில்லை. இரவுக்கு நாம் கொடுக்கும் தொகை, மறுநாள் பகலில் அவர் நிம்மதியாகத் தூங்குவதற்கும் சேர்த்துத்தான் என்று எண்ணிக் கொடுக்க வேண்டும்.

பகல் நேர ஆயாவையே "இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் இருந்துடுங்க அக்கா" என்று நிறுத்திக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகலில் பத்து மணி நேரம் வேலை செய்தவருக்கு அது தொடர்ச்சியான இரண்டாவது பணி. அந்த இரவுக்குத் தனிச் சம்பளமும், மறுநாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் தர முடியாவிட்டால் அந்தக் கோரிக்கையை வைக்கவே கூடாது. மாதம் முழுவதும் தங்குபவராக இருந்தால், வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரம் அவர் முழுமையாக ஓய்வில் இருக்க வேண்டும். ஓய்வு நாளில் அவர் உங்கள் வீட்டிலேயே இருந்தாலும் குழந்தையை அவரிடம் நீட்டாமலிருக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஏஜென்சி மூலம் அமர்த்துபவர்கள், தாங்கள் கட்டும் தொகையில் எவ்வளவு அந்தப் பெண்ணின் கைக்குப் போகிறது என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நாம் நிறையக் கொடுக்கிறோம் என்ற நினைப்பிலேயே இருப்போம். அவருக்குப் போய்ச் சேருவது அதில் ஒரு பகுதியாக இருக்கும். இரவுப் படியையும் எழுந்த நேரத்துக்கான தொகையையும் நேரடியாக அவர் கையிலோ அவருடைய வங்கிக் கணக்கிலோ தரலாமா என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடலாம்.

பக்கத்து வீட்டுப் பெண்ணோ தெரிந்த பாட்டியோ வந்து இருந்துவிட்டுப் போகும்போது பணம் வேண்டாம் என்று மறுப்பதுண்டு. ஒருமுறை என்றால் விட்டுவிடலாம். மாதத்தில் இரண்டு மூன்று இரவு என்று ஆகிவிட்டால், தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பது ஈடாகாது. "இது உங்களுக்கு இல்லை பாட்டி, உங்க மருந்துக்கு வச்சுக்கங்க" என்றாவது சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். பதினெட்டு வயது நிறையாத பெண்ணிடம், எவ்வளவு பொறுப்பானவளாக இருந்தாலும், கைக்குழந்தையோடு தனியாக ஓர் இரவை ஒப்படைக்கக் கூடாது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவரை வீட்டு வேலைக்கு வைப்பது 2006-லிருந்தே தடை செய்யப்பட்ட குற்றம்.

படுக்கை

சொந்தமாக ஓர் அறை கொடுக்க முடிந்தால் சிக்கலே இல்லை. இரண்டு பெட்ரூம் வீட்டில் அது பலருக்கும் முடியாது. ஆகவே அறை இருக்கிறதா என்பதைவிட, படுக்கும் இடத்தில் சில அடிப்படைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதே பயனுள்ளது. தரையிலிருந்து உயர்ந்த கட்டிலோ மடக்குக் கட்டிலோ இருந்தால் நல்லது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் பாயிலிருந்து ஓர் இரவில் நான்கு முறை எழுந்து உட்காருவது முழங்காலுக்குத் தண்டனை. தனக்குப் பாயில் படுத்துத்தான் பழக்கம் என்று அவரே சொன்னால் பாய் கொடுக்கலாம். நாமே அப்படி முடிவு செய்துவிடக் கூடாது. அவருக்கென்று தனியாகத் தலையணை, விரிப்பு, போர்வை ஆகியவை துவைத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஏசி அறையாக இருந்தால் கனமான போர்வை ஒன்று அவசியம். குழந்தைக்காக வைத்த குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சென்னைக் கொசுவுக்குக் குழந்தையின் தொட்டிலுக்கு மட்டும் வலை கட்டிவிட்டு, பக்கத்தில் படுத்திருப்பவரை மறந்துவிடும் வீடுகள் உண்டு. மின்விசிறியின் காற்று அவருக்கும் வருகிறதா, மின்சாரம் போனால் அந்த இடம் இன்வெர்ட்டரில் இணைந்திருக்கிறதா, கைப்பேசிக்குச் சார்ஜ் போட அருகில் பிளக் இருக்கிறதா என்பவற்றை அவர் வருவதற்கு முன்பு அங்கே ஐந்து நிமிடம் படுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சமையலறைத் தரை, பால்கனி, மாடிப்படியின் அடி, பூஜைப் பொருளும் பழைய பெட்டிகளும் அடைந்த ஸ்டோர் ரூம் ஆகியவை படுக்கும் இடங்கள் அல்ல. ஹாலில் படுக்க வைப்பதில் தவறில்லை என்றாலும், நள்ளிரவில் ஷிப்ட் முடிந்து வருபவர் விளக்கைப் போட்டு டிவி பார்த்தபடி சாப்பிடும் வீட்டில் ஹால் தூங்கும் இடமாகாது. அப்படியான வீட்டில் குழந்தையின் அறையிலேயே அவருக்கும் இடம் ஒதுக்குவதுதான் பொருத்தம்.

இரவில் அவர் எந்தக் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை முதல் நாளே காட்டிவிட வேண்டும். கீழே வாட்ச்மேன் பயன்படுத்தும் கழிப்பறைக்குப் போகச் சொல்வது, குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு லிப்டில் இறங்கச் சொல்வதாகும். இதில் தனித் தம்ளர், தனித் தட்டு மனநிலையும் சேர்ந்திருக்கிறது. நம் குழந்தையை மார்போடு அணைத்துத் தூங்க வைக்கும் கைகளுக்கு நம் கழிப்பறைக் குழாயைத் தொட உரிமை இல்லை என்பது எந்தக் கணக்கிலும் பொருந்தவில்லை.

குழந்தை எங்கே தூங்கும் என்பதைப் பெற்றோர்தான் தீர்மானித்துச் சொல்ல வேண்டும்; அதை அக்காவின் பழக்கத்துக்கு விட்டுவிடக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, தட்டையான, அழுத்தமான மெத்தையில், தலையணையும் கனமான போர்வையும் பஞ்சு பொம்மையும் இல்லாமல் தனியாகத் தூங்க வைப்பதே பாதுகாப்பானது என்று குழந்தை மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் புதுப்பித்த பரிந்துரையும் இதுவே: பெரியவரும் குழந்தையும் ஒரே அறையில், ஆனால் ஒரே படுக்கையில் அல்ல. நம் வீடுகளில் குழந்தையை அணைத்துக்கொண்டு படுப்பதே வழக்கம் என்பதால், அனுபவமுள்ள ஆயாக்கள் இதை ஏற்கத் தயங்குவார்கள். "நான் எத்தனை புள்ளைங்கள வளத்திருக்கேன்மா" என்று அவர் சொன்னால், அந்த அனுபவத்தை மறுக்காமல், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று கூறித் தொட்டிலை அவருடைய கட்டிலோடு ஒட்டினாற்போல், கைக்கு எட்டும் தூரத்தில் போட்டுக் கொடுங்கள். எழுந்து நடக்க வேண்டிய தொலைவு குறைந்தாலே, குழந்தையைத் தன் படுக்கைக்கு எடுத்துக்கொள்ளும் தேவையும் குறைந்துவிடும். சேலையில் கட்டிய தூளியில் ஆட்டித் தூங்க வைப்பதானால், வளைந்த துணிக்குள் தாடை நெஞ்சில் முட்டி மூச்சுக்கு இடைஞ்சலாகலாம் என்பதால், தூங்கியதும் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கதவுகளைப் பற்றி இரண்டு விதிகள். வெளியே போகும்போது வீட்டை வெளிப்புறமாகப் பூட்டிவிட்டுச் செல்லக் கூடாது. திருட்டுப் பயத்தில் சிலர் இதைச் செய்கிறார்கள். தீப்பிடித்தாலோ குழந்தைக்கு மூச்சுத் திணறினாலோ உள்ளே இருப்பவர் என்ன செய்வார்? ஒரு சாவி அவரிடம் இருக்க வேண்டும். அடுத்து, அவர் உடை மாற்றும் இடத்துக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். குழந்தையின் தொட்டிலைப் பார்த்தபடி கேமரா வைத்திருந்தால், அது எங்கே இருக்கிறது, எதைப் பதிவு செய்கிறது என்பதை முதல் நாளே காட்டிவிடுங்கள். அவர் படுக்கும் இடமும் உடை மாற்றும் இடமும் அதில் விழக் கூடாது. ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை அவர் அறியாமல் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77-ஆவது பிரிவின்படி குற்றம். நம் வீடு, நம் கேமரா என்பது அங்கே செல்லாது.

தாய் நைட் டியூட்டிக்குப் போய்விட்டு, தந்தை மட்டும் வீட்டில் இருக்கும் இரவுகளில், யார் எந்த அறையில் படுப்பது, குழந்தை அழுதால் யார் எழுவது, தந்தை எந்த நேரத்தில் அந்த அறைக்குள் வரலாம் என்பதைக் கூச்சப்படாமல் மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும். அக்கா தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கொள்கிறது. வீட்டுப் பணியாளர் மாவட்ட அளவிலுள்ள உள்ளூர்க் குழுவில் புகார் தரலாம்.

வருகை, சாப்பாடு, அவசரம்

இரவு உணவும் காலை டீயும் சம்பளத்துக்கு உட்பட்டவை அல்ல. அவற்றுக்காகப் பிடித்தம் செய்யக் கூடாது. நீங்கள் சாப்பிடுவதையே அவருக்கும் வையுங்கள். குழந்தை தூங்குகிற நேரத்தில் பாத்திரம் துலக்குவது, துணி மடிப்பது, காலைக்குக் காய் நறுக்குவது என்று வேலைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவதுதான் இரவு ஆயாக்கள் பொதுவாகச் சொல்லும் குறை. குழந்தையின் பாத்திரம், குழந்தையின் துணி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வரும்போதும் போகும்போதும் ஆகும் செலவை யார் ஏற்பது என்று பேசிவிட வேண்டும். பெண்களுக்கு மாநகர சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021-லிருந்து கட்டணமில்லாப் பயணம் உண்டு என்பதால், விடிந்த பிறகு போகிறவருக்குச் செலவு இராது. விடிவதற்கு முன்பு அனுப்புவதானாலும், இரவு பத்து மணிக்கு மேல் வரவழைப்பதானாலும், ஆட்டோவை நீங்களே ஏற்பாடு செய்து அதற்கான பணத்தையும் கொடுக்க வேண்டும். ஆறு மணிக்கு விடுவதாகச் சொல்லிவிட்டு, அலுவலக வண்டி தாமதமானதால் எட்டு மணிக்கு வந்தால், கூடுதல் இரண்டு மணி நேரத்துக்கு முழு விலை. அதையும் அவர் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். கேட்க வைத்துக் கொடுப்பது பாதி கொடுத்ததற்குச் சமம்.

பெற்றோரின் கைப்பேசி எண்கள், பக்கத்து வீட்டு எண், குழந்தை மருத்துவரின் எண், ஆம்புலன்சுக்கு 108 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வீட்டின் முழு முகவரியையும், அருகிலுள்ள அடையாளத்தையும் அதன் கீழேயே எழுத வேண்டும். 108-க்குப் பேசும்போது பதற்றத்தில் முகவரி மறந்துபோகும். காய்ச்சல் மருந்து கொடுக்க வேண்டியிருந்தால், மருத்துவர் சொன்ன அளவை மில்லி கணக்கில் எழுதி, அளவுக் குழலில் அந்தக் கோட்டில் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். உங்களுக்குப் போன் செய்யாமல் எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். எடுத்து வைத்த தாய்ப்பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. நம் கோடையில் அதற்கும் முன்பே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். புட்டியின் மேல் எடுத்த நேரத்தை எழுதி ஒட்டிவிட்டால், இருட்டில் எது பழையது என்று அவர் தடுமாற வேண்டியதில்லை.

பேசியதை எழுதுவது

முத்திரைத்தாள் எல்லாம் தேவையில்லை. ஒரு பக்கத்தில், வருகிற நேரம், போகிற நேரம், வாரத்தில் எந்த இரவுகள், அடிப்படைச் சம்பளம், எழுந்த நேரத்துக்கான கணக்கு, 5 மணி நேர விதி, படுக்கும் இடம், சாப்பாடு, போக்குவரத்து, விடுமுறை ஆகியவற்றை எழுதி, அவருக்குப் படித்துக்காட்டி, இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொண்டால் போதும். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜான் இரவுகளில் வர முடியுமா, வந்தால் இரட்டைச் சம்பளமா என்பதையும் அதிலேயே சேர்த்துவிடலாம். உங்கள் ஷிப்ட் மாறி, அன்று மாலையில் வர வேண்டாம் என்று சொன்னால் பாதிச் சம்பளம். முந்தைய நாளே சொல்லிவிட்டால் ஒன்றும் இல்லை என்று ஒரு வரி இருப்பது அவருக்கும் பாதுகாப்பு. அவர் அந்த இரவுக்காக வேறொரு வீட்டை மறுத்திருப்பார். தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் 2007-லிருந்து செயல்படுகிறது. அவர் அதில் பதிவு செய்யாதவராக இருந்தால், பதிவுக்குத் தேவையான பணிச் சான்றில் கையெழுத்திட்டுக் கொடுப்பதாகவும் ஒரு வரி எழுதலாம்.

முதல் இரவை, பெற்றோரில் ஒருவராவது வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து, முழுச் சம்பளத்தோடு வெள்ளோட்டமாக வையுங்கள். அன்று அவர் குழந்தையைத் தூக்கும் விதத்தை நீங்கள் பார்ப்பது போலவே, படுக்கை வசதியாக இருந்ததா, கழிப்பறை விளக்கின் சுவிட்ச் எங்கே என்று தெரிந்ததா என்பதை அவர் காலையில் சொல்ல வேண்டும். "எப்படி இருந்துச்சு அக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சுமா" என்ற பதில்தான் வரும். தலையணை உயரமா, குளிர் அதிகமா, எத்தனை மணிக்குக் கண் அசந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

குழந்தை வளர வளர இரவின் வகை மாறும். நான்கு மாதத்தில் பேசிய முழு இரவுச் சம்பளத்தை, ஒரு வயதில் குழந்தை விடியும்வரை தூங்கத் தொடங்கியதும் குறைக்கலாமா என்று கேட்கிறார்கள். கணக்குப்படி குறைக்கலாம், ஆனால் குழந்தையை அந்தப் பழக்கத்துக்குக் கொண்டுவந்ததே அவர்தான் என்றால், அவருடைய திறமைக்கு அவரையே அபராதம் கட்டச் சொல்வது போலாகிவிடும். சம்பளத்தை அப்படியே விட்டுவிட்டு, வாரத்தில் ஓர் இரவைக் குறைத்துக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் வழி. அதற்கும் மனமில்லாதவர்கள், ஒரு மாதம் முன்னதாகச் சொல்லி, புதிய கணக்கைப் பழைய தாளின் பின்புறத்தில் எழுதி, மீண்டும் படித்துக்காட்ட வேண்டும்.